ஒரே ஆடியில் ஒரே திதி இருமுறை: மாதம் என்பதுதான் என்ன?

பதிவு 1 — கரூரான்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் காலமானது ஆடி மாத வளர்பிறைச் சஷ்டியில். சில ஆண்டுகளுக்கு முன் ஆடி பிறந்த ஓரிரு நாள்களிலேயே அந்தச் சஷ்டி வந்தது. அம்மா அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, நாட்காட்டியின் தாள்களைப் புரட்டிய என் மகன், மாதக் கடைசியிலும் அதே வளர்பிறைச் சஷ்டி இருப்பதைக் காட்டினான். எங்கள் குடும்பப் புரோகிதர் சற்றும் தயங்காமல், ஒரே மாதத்தில் ஒரு திதி இருமுறை வந்தால் பின்னதையே கொள்ள வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார். நாங்களும் அவ்வாறே செய்தோம்.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. சந்திரன் ஒரு சுற்று வருவதுதான் மாதம் என்றால், ஒரு மாதத்துக்குள் ஒரு திதி எப்படி இரண்டு முறை வரும்? வரக்கூடுமென்றால், நாம் ஆடி என்றழைப்பது எதனுடைய மாதம்? சமையலறைச் சுவரில் தொங்கும் அந்தத் தினசரித் தாளிலேயே ஆங்கிலத் தேதி ஒன்று, தமிழ்த் தேதி ஒன்று, இஸ்லாமியத் தேதி ஒன்று என மூன்று மாதங்கள் அச்சாகியிருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் பிறப்பதில்லை. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதிவு 2 — நாழிகை

கரூரான் ஐயா, உங்கள் புரோகிதர் சொன்னது வழக்கத்தில் உள்ள விதிதான். அதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை சராசரியாக 29.53 நாள்கள். இது சந்திரனின் மாதம், பஞ்சாங்க வழக்கில் சாந்திரமாதம். முப்பது திதிகளும் அதற்குள்தான் அடங்கும். ஆனால் தமிழ் மாதம் சந்திரனுடையதே அன்று. சூரியன் ஒரு ராசியில் புகுந்து அடுத்த ராசிக்குப் போகும் வரையிலான காலமே தமிழ் மாதம். கடகத்தில் புகுந்தால் ஆடி, சிம்மத்தில் புகுந்தால் ஆவணி. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் கணக்கின்படி ஆடிக்கு ஏறத்தாழ 31.47 நாள்கள். 29.53 நாள் சரக்கை 31.47 நாள் பெட்டியில் வைத்தால் சுமார் இரண்டு நாள் இடம் மிஞ்சும், அந்த இடத்தில் அடுத்த சுற்றின் முதல் இரண்டு திதிகள் வந்து உட்காரும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஆடியில் ஏதோ இரண்டு திதிகள் இருமுறை வந்தே தீரும். முப்பதில் இரண்டு என்றால், உங்கள் தந்தையாரின் சஷ்டிக்கு அந்த முறை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும்.

இதற்கு நேரெதிரானது மார்கழி. அதற்கு 29.32 நாள்களே உண்டு. சந்திரனின் ஒரு சுற்று அதற்குள் முழுமையாக அடங்காது. அதனால் சில ஆண்டுகளில் மார்கழியில் ஒரு திதி வராமலே போவதும் உண்டு.

ஆடி ஏன் நீளம், மார்கழி ஏன் குறைவு என்பது அடுத்த கேள்வியாக எழும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில். அருகில் இருக்கும்போது பூமி விரைந்து ஓடுகிறது, ஆகவே நம் கண்ணுக்குச் சூரியனும் ராசியை விரைவாகக் கடக்கிறது. ஜூலையில் எல்லாமே மெதுவாகிறது. பன்னிரண்டிலும் நீளமானது ஆனி, 31.64 நாள். கெப்ளர் 1609இல் நீள்வட்டப் பாதையை எழுதி வைப்பதற்கு முன்பே, காரணத்தை வேறுவிதமாகக் கற்பித்துக்கொண்டாலும், இந்த ஏற்ற இறக்கத்தை நம் கணிதர்கள் அளந்து வைத்திருந்தார்கள் என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. கிரேக்கரும் அளந்திருந்தார்கள். கூர்ந்து பார்த்த எவருக்கும் அது தட்டுப்பட்டிருக்கிறது.

பதிவு 3 — சுவடி

நாழிகை ஐயா சொன்னது சரி. எனினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழ் மாதம் சந்திரனுடையதே அன்று என்று அத்தனை உறுதியாகச் சொல்லிவிட்டால், பிறகு அதன் பெயர்களுக்கு என்ன பதில் சொல்வது?

சித்திரை, கார்த்திகை இரண்டும் அப்படியே நட்சத்திரப் பெயர்கள். வைகாசி விசாகத்திலிருந்து வந்தது, மாசி மகத்திலிருந்து, ஆவணி சிராவணம் எனப்படும் திருவோணத்திலிருந்து, மார்கழி மிருகசீரிடத்திலிருந்து, தை பூசத்தின் மறுபெயரான திஷ்யத்திலிருந்து, பங்குனி பல்குனி எனப்படும் பூரம், உத்திரத்திலிருந்து. அந்தந்த மாதத்தில் முழுநிலவு எந்த நட்சத்திரத்தின் அருகில் நிற்குமோ, அதன் பெயரே மாதத்துக்கு ஆயிற்று. ஆனி ஒன்றுதான் இடறுகிறது. வடமொழியில் அதற்கு இணையான ஜ்யேஷ்டம் கேட்டை நட்சத்திரத்தின் பெயர், இரண்டுக்கும் ஒலியொற்றுமை இல்லை.

இதை வீட்டு மாடியிலேயே சோதித்துப் பார்க்கலாம். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம் என்ற விழாக்களை வரிசையாக எண்ணுங்கள். பூசம் எட்டாம் நட்சத்திரம், மகம் பத்து, உத்திரம் பன்னிரண்டு, சித்திரை பதினான்கு, விசாகம் பதினாறு. ஒவ்வொரு பௌர்ணமியும் முந்தையதிலிருந்து இரண்டு நட்சத்திரம் தள்ளி நிகழ்கிறது. சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27.32 நாள்கள் ஆகின்றன. அதனால்தான் நட்சத்திரங்கள் இருபத்தேழு, நாளுக்கு ஒரு வீடு. ஆனால் அதற்குள் சூரியன் நகர்ந்துவிடுவதால், அதற்கு நேரெதிரே நின்று மீண்டும் முழுநிலவாக இன்னும் 2.21 நாள்கள் தேவைப்படுகின்றன. அந்த உபரிதான் அந்த இரண்டு நட்சத்திரம். பன்னிரண்டு பெயர்களில் ஒன்பது முறை இரண்டும் மூன்று முறை மூன்றுமாகத் தாண்டினால் இருபத்தேழும் தீர்ந்துவிடும். பெயர் வைத்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

ஆக, நம் மாதத்தின் உடல் சூரியனுடையது, பெயர் சந்திரனுடையது. வீட்டை வாங்கியவர் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல் குடியேறியதைப் போன்றது இது. மலையாளிகள் பலகையையும் மாற்றிவிட்டார்கள். மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம், சிங்ஙம் என்று ராசியின் பெயரையே மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்கின்படி அதுவே நேர்மையான பெயர்.

பதிவு 4 — கீழக்கரையான்

சுவடி ஐயாவின் பலகை உவமை நன்றாக இருந்தது. பலகையும் வீடும் இரண்டுமே சந்திரனுடையதாக இன்றும் இருப்பது எங்கள் மாதம் என்பதால் இடையில் நுழைகிறேன்.

ஹிஜ்ரி மாதத்துக்கு 29 நாள் அல்லது 30 நாள். 28ம் கிடையாது, 31ம் கிடையாது. 29ஆம் நாள் மாலை மஃரிபு வேளையில் மேற்கு வானில் பிறை தெரிந்தால் அப்போதே புது மாதம் பிறந்துவிடும், தெரியாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும். சிறு வயதில் ரமலானின் 29ஆம் நாள் நோன்பு திறந்த கையோடு மொட்டைமாடிக்கு ஓடுவோம். சூரியன் இறங்கிய இடத்துக்குச் சற்று மேலே, செம்மை இன்னும் வடியாத வானத்தில், நகம் வெட்டிப்போட்டதைப் போன்ற கீற்று ஒன்று தெரியும். எங்கள் மூத்த காக்காவின் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) கண்ணுக்குத்தான் அது எப்போதும் முதலில் படும். அவர் விரல் நீட்டிய பக்கம் பார்த்து, தெரியாவிட்டாலும் தெரிந்தது என்று நான் சொன்ன ஆண்டுகளும் உண்டு. பத்து நிமிடத்தில் அது கடலுக்குள் போய்விடும்.

பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்கள், சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. இடையில் மாதம் சேர்த்துச் சரிக்கட்டுவது எங்களுக்கு விலக்கப்பட்டது. ஆண்டுக்கு மாதம் பன்னிரண்டே என்பது குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிறது. அதனால் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பழைய இடத்துக்குத் திரும்பும். சித்திரை வெயிலிலும் நோன்பு வைத்திருக்கிறேன், மார்கழிப் பனியிலும் வைத்திருக்கிறேன்.

பதிவு 5 — கரூரான்

மூவருக்கும் நன்றி. பெட்டியும் சரக்கும் இப்போது புரிகின்றன. ஆனால் தெலுங்கர்களும் கன்னடர்களும் சந்திர மாதத்தைத்தான் பின்பற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய உகாதி ரமலானைப் போலச் சுற்றிவருவதில்லையே, அது எப்படி?

பதிவு 6 — நாழிகை

அவர்கள் இடையில் ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதே விடை. பன்னிரண்டு சந்திர மாதத்துக்கும் சூரிய ஆண்டுக்கும் உள்ள 11 நாள் இடைவெளி, சராசரியாக முப்பத்திரண்டரை மாதங்களில் ஒரு முழு மாதமாகத் திரளும். அப்போது ஓர் அதிக மாதம் நுழைக்கப்படும். 19 ஆண்டுகளுக்கு இவ்வாறு ஏழு. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் சில மணி நேர வேறுபாட்டுக்குள் ஒன்றாகிவிடுகின்றன என்பதைப் பாபிலோனியர்கள் கண்டறிந்து பயன்படுத்தினார்கள். கிரேக்கத்தில் அது மெட்டான் என்ற வானியலாளரின் பெயரால் வழங்குகிறது. யூதர்களின் நாட்காட்டி இன்றும் அந்த அடிப்படையிலேயே ஓடுகிறது.

எந்த மாதத்தை இரட்டிப்பது என்பதற்கு நம் நாட்டில் வைத்திருக்கும் விதி எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு அமாவாசைகளுக்கு இடையில் சூரியன் எந்த ராசிக்கும் மாறாமல் இருந்துவிட்டால், அந்தச் சந்திர மாதம் அதிக மாதம். இதையே தமிழ் மாதத்தின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு சூரிய மாதத்துக்குள் இரண்டு அமாவாசைகள் வந்திருக்கின்றன என்று பொருள். அதைத்தான் நம் பஞ்சாங்கங்கள் மலமாதம் என்று குறித்து, திருமண முகூர்த்தம் வைக்காமல் விடுகின்றன. தெலுங்கர்களுக்கு ஒரு மாதம் கூடுவதும், நமக்கு முகூர்த்தம் குறைவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்.

இதன் மறுபக்கம் மிக அரியது. சூரிய மாதம் ஒன்றில் அமாவாசையே வராமல் போகலாம். கார்த்திகை, மார்கழி, தை ஆகிய குறுகிய மாதங்களில்தான் அது பெரும்பாலும் நிகழும். அப்போது சந்திர நாட்காட்டியில் ஒரு மாதம் முழுவதும் விழுங்கப்படும், அதற்கு க்ஷய மாதம் என்று பெயர். 1963–64இலும் 1982–83இலும் நடந்தது. அடுத்தது 2123–24. நாம் யாரும் பார்க்கப்போவதில்லை.

வட இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுக்கு மாதம் பௌர்ணமியோடு முடிகிறது, தென்னிந்தியத் தெலுங்கர், கன்னடர்களுக்கு அமாவாசையோடு முடிகிறது. எனவே கிருஷ்ண ஜயந்தி ஒரே இரவில் கொண்டாடப்பட்டாலும், ஐதராபாதில் அது சிராவணம், வாரணாசியில் பாத்ரபதம்.

பதிவு 7 — வாய்தா

நான் வழக்கறிஞர். வானத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மாதம் என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன்.

இந்தியாவில் மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை, 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் மாதம் என்றால் பிரித்தானிய நாட்காட்டியின்படி கணக்கிடும் மாதம் என்று ஒரே வரியில் முடிக்கிறது. இந்த வரி எழுதப்பட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையானது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் மாதம் என்று மட்டும் சொன்னால் 28 நாள் கொண்ட சந்திர மாதமாகவே கொள்ளப்பட்டது. நாடாளுமன்றச் சட்டங்களுக்கு 1850இல்தான் அது மாற்றப்பட்டது. பத்திரங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாழிகை ஐயாவின் 29.53ம் இல்லாமல், சுவடி ஐயாவின் 27.32ம் இல்லாமல், நான்கு வாரத்தைப் பெருக்கி வந்த 28 அது. சந்திரன் அந்தப் பெயருக்கு ஒப்புக்கொண்டிருக்காது.

அந்த 28 செத்துவிட்டதாக எண்ண வேண்டாம், உங்கள் கைப்பேசியில் உயிரோடு இருக்கிறது. மாதத் திட்டம் என்று சொல்லி 28 நாளில் முடியும் ரீசார்ஜைப் போட்டால், ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். பதின்மூன்று இருபத்தெட்டு 364. 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பணிக்கொடை கணக்கிடும்போது மாதத்துக்கு 26 நாள். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மீண்டும் பெருக்குவார்கள். வாரவிடுமுறையைக் கழித்த மாதம் அது. ஆக என் மேசையில் மட்டும் 26, 28, 30, 31 என்று நான்கு மாதங்கள்.

பதிவு 8 — செவிலி

வாய்தா அவர்களின் பட்டியலில் பெண்களின் மாதம் விடுபட்டிருக்கிறது. மகப்பேறு பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். படித்த பிள்ளைகள் சிலர், ஒன்பது மாதம்தானே அம்மா என்று திருத்துவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் சரி.

மருத்துவமனையில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள் கணக்கிடுவோம். அதை 28ஆல் வகுத்தால் சரியாகப் பத்து. மாதவிலக்குச் சுற்றையே மாதமாகக் கொண்ட பெண்களுக்குப் பத்து மாதம் என்பது கற்பனையன்று, கணக்கு. கரு உருவானதிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 266 நாள்கள், அதை அமாவாசைக் கணக்கான 29.53ஆல் வகுத்தால் ஒன்பது. பிரசவத் தேதி சொல்லும்போது கிராமத்திலிருந்து வரும் மூதாட்டிகள் ஆங்கிலத் தேதியைக் காதிலேயே வாங்கமாட்டார்கள். அமாவாசைக்கு முன்னாலா, பின்னாலா என்றுதான் கேட்பார்கள். என் மேசை விரிப்புக்கு அடியில் அதற்காகவே ஒரு பஞ்சாங்கம் வைத்திருந்தேன்.

பதிவு 9 — கரூரான்

செவிலி அம்மாவின் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், திருத்தப்பட்டவர்களில் நானும் ஒருவன். மற்றொரு கேள்வி: ஆங்கில மாதத்தில் பிப்ரவரிக்கு மட்டும் 28 நாள் வந்தது, அகஸ்டஸ் தன் மாதத்துக்கு ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டதால் என்று பள்ளியில் படித்தேன். அது உண்மையா?

பதிவு 10 — சுவடி

அந்தக் கதையைக் குப்பையில் போட்டுவிடலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் ஒருவர் எழுதி வைத்தது அது. ஜூலியஸ் சீசரின் திருத்தத்துக்கு முந்தைய ரோமானிய ஆண்டு 355 நாள் கொண்டது. மார்ச், மே, குவின்டிலிஸ் (இன்றைய ஜூலை), அக்டோபர் ஆகிய நான்குக்கும் 31, பிப்ரவரிக்கு 28, மற்ற ஏழுக்கும் 29. கூட்டிப் பாருங்கள், 355 வரும். பிப்ரவரி அப்போதே 28தான், யாரும் அதனிடம் பிடுங்கவில்லை. கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சீசர் பத்து நாள்களைக் குறுகிய மாதங்களுக்குப் பங்கிட்டபோது, செக்ஸ்டிலிஸ் (இன்றைய ஆகஸ்ட்) 29இலிருந்து 31 ஆயிற்று. கி.மு. 8இல்தான் அதற்கு அகஸ்டஸின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் வருவதற்கு முன்பே 31 வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது அந்த 355. பன்னிரண்டு சந்திர மாதங்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு நாளே மிகுதி. ரோமானியரின் மாதமும் ஒரு காலத்தில் பிறை பார்த்துப் பிறந்ததுதான். கீழக்கரையானின் காக்காவைப் போல அங்கே ஒரு பூசகர் பிறையைப் பார்த்துவிட்டு மக்களுக்கு அறிவிப்பார் என்று அவர்களுடைய எழுத்தாளர்களே குறித்திருக்கிறார்கள்.

பதிவு 11 — நாழிகை

சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. மாதம் என்பது மதியிலிருந்து வந்த தூய தமிழ்ச் சொல் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். சுவடி ஐயாவின் கருத்து என்ன?

பதிவு 12 — சுவடி

நானும் சில காலம் அப்படி நம்ப விரும்பினேன். ஆனால் வடமொழி மாஸ என்பதிலிருந்து மாசம், மாதம் என்று வந்ததாகக் கொள்வதே பொருந்துகிறது. வயஸ் வயதானதும் மனஸ் மனதானதும் இதே வழியில்தான். வடமொழியிலும் அந்தச் சொல் நிலவையே முதலில் குறித்தது.

இதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை, நம்மிடம் திங்கள் இருக்கிறது. நிலவுக்கும் அதுவே பெயர், மாதத்துக்கும் அதுவே பெயர். புறநானூற்றில் பாரி மகளிர், அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில் எந்தை எம்முடன் இருந்தார் என்ற பொருள்பட அழும்போது, திங்கள் மாதமாகவும் நிலவு ஒளியாகவும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. முழுநிலவிலிருந்து முழுநிலவுக்கு ஒரு குடும்பமே அழிந்துவிட்டதை வேறெந்தச் சொல்லாலும் அவ்வளவு சுருக்கமாக அளந்திருக்க முடியாது. நாம் இன்று பேச்சில் திங்களைக் கிழமைக்கு விட்டுவிட்டு மாதத்துக்கு வடசொல்லை எடுத்துக்கொண்டோம். கன்னடர்களோ இன்றும் சம்பளத்தைத் திங்களு கணக்கில்தான் வாங்குகிறார்கள். தெலுங்கில் மாதத்துக்கு நெல, அது நம் நிலாவின் உறவு.

தொல்காப்பியத்தில் ஒரு சிறு நூற்பா, திங்கள் முன்வரின் இக்கே சாரியை என்கிறது. மாதப்பெயருக்குப் பின் வினை வந்தால் ஆடிக்குக் கொண்டான், சித்திரைக்குக் கொண்டான் என்று வரும் என்பதே அதன் பொருள். இந்த விதி இகரத்தில் முடியும் சொற்களைப் பற்றிச் சொல்லுமிடத்திலும், அதைச் சுட்டி ஐகாரத்தில் முடிவனவற்றைச் சொல்லுமிடத்திலும் வருகிறது. ஏன் அந்த இரண்டு இடங்களில் மட்டும் என்று நெடுநாள் யோசித்தேன். பிறகு பன்னிரண்டு மாதங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். இகரத்தையும் ஐகாரத்தையும் தவிர வேறெதிலும் ஒரு மாதப்பெயர்கூட முடிவதில்லை.

பதிவு 13 — கீழக்கரையான்

சொல்லிப் பார்த்தேன், உண்மைதான். கார்த்திகை பற்றி ஓர் ஐயம். ஐயப்பனுக்கு மாலை போடும் என் நண்பர், சில ஆண்டுகளில் நமக்குக் கார்த்திகை பிறக்கும் நாளும் கேரளத்தில் விருச்சிகம் பிறக்கும் நாளும் ஒரு நாள் முன்பின்னாகும் என்கிறார். இரண்டும் ஒரே சூரியன், ஒரே ராசி என்றால் வேறுபாடு எங்கே?

பதிவு 14 — நாழிகை

சூரியன் ராசி மாறும் கணம் இருவருக்கும் ஒன்றே. அந்தக் கணம் நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதில்தான் வழக்கு வேறு. தமிழ்நாட்டில் சூரியன் மறைவதற்குள் விழுந்தால் அன்றே மாதப் பிறப்பு, மறைந்தபின் விழுந்தால் மறுநாள். கேரளத்தில் எல்லை அவ்வளவு நீளாது. பகலை ஐந்தாகப் பகுத்து, மூன்று பங்கு முடிவதற்குள், அதாவது பிற்பகல் ஒன்றேகால் மணிக்குச் சற்று முன்புவரை விழுந்தால்தான் அன்று மாதப் பிறப்பு. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கராந்தி நிகழ்ந்தால், செங்கோட்டையில் அன்றே கார்த்திகை முதல் தேதி, மலையைத் தாண்டி ஆரியங்காவில் மறுநாள்தான் விருச்சிகம் ஒன்று. வங்கத்தில் நள்ளிரவு எல்லை. ஒடிசாவில் எந்நேரம் விழுந்தாலும் அன்றே.

இந்தக் குழப்பங்களைத் தீர்க்க 1952இல் இயற்பியலாளர் மேகநாத சாஹா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1957 மார்ச் 22 முதல் இந்தியத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. மாதங்களுக்கு 30, 31 என்று நிலையான நாள்கள், எந்தத் தகராறும் இல்லை. அரசிதழின் முகப்பில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. அதன்படி ஒரு கல்யாணமோ, ஒரு திதியோ நடந்து நான் பார்த்ததில்லை.

பதிவு 15 — கரூரான்

இழை நீண்டுவிட்டது, நான் தொடங்கிய இடத்தைச் சொல்லி விடைபெறுகிறேன். நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பெட்டி, சரக்கு, முப்பதில் இரண்டு, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை எனச் சொல்லிக்கொண்டே போக, அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், அந்த ஆண்டு முதல் சஷ்டியன்றும் புரோகிதருக்குத் தெரியாமல் கொல்லைப்புறத்தில் ஒரு பிடி சோறு காக்கைக்கு வைத்ததாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"எது அவருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்? ரெண்டு தரம் வந்துச்சு, ரெண்டு தரம் வச்சேன்" என்றார்.